ஒரு ப்ளூ, இரண்டு ருஷ்ய நீலங்கள்

ஆங்கிலக் கதை ஒன்றில் ஒரு பெண் ப்ளூ கவுன் அணிந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் 'நீல கவுன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் அப்படிப் போக முடியாது. அந்த கவுன் என்ன நீலம் என்று அவர் நின்று கேட்டாக வேண்டும். பகல் வானத்தின் வெளிர் நீலமா, பொழுது சாய்ந்த பிறகு வருகிற ஆழ்ந்த நீலமா? கதாசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் விட ஆங்கிலம் இடம் கொடுக்கிறது, ருஷ்ய மொழி கொடுப்பதில்லை. 'ப்ளூ' என்ற பெயரடையின் முழுப் பரப்பையும் மூடுகிற ஒற்றைச் சொல் அங்கே கிடையாது. ஆழ்ந்த நீலத்துக்கு 'ஸீனிய்', வெளிர் நீலத்துக்கு 'கலுபோய்'. இரண்டில் ஒன்றை எடுத்தே தீர வேண்டும்.

(கலுபோய் என்பதன் முதல் எழுத்தை 'கங்கை'யின் முதல் எழுத்தைப் போல ஒலிக்க வேண்டும். நடுவில் வரும் 'ப', 'கபம்' என்பதில் வருவதைப் போல. அழுத்தம் 'போய்' மீது விழும்.)

இதைக் கேட்டதும் பலரும் சொல்வது இதுதான்: "அதனால் என்ன, தமிழிலும் கருநீலம், வெளிர்நீலம் என்று சொல்கிறோமே?" சொல்கிறோம். ஆனால் இரண்டிலும் நீலம் என்ற சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் நீலத்தின் வகைகள். ஸீனிய், கலுபோய் இரண்டும் அப்படி ஒன்றின் கிளைகள் அல்ல. ருஷ்யர் ஒருவரிடம் வெளிர் நீலச் சட்டையைக் காட்டி "இது ஸீனிய் தானே?" என்று கேட்டால், "இல்லை, இது கலுபோய்" என்பார். வகையைத் திருத்துவதாக அவர் நினைக்க மாட்டார், நிறத்தையே தப்பாகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைப்பார். நமக்கு இது புரிய ஒரு நல்ல வழி இருக்கிறது. ரோஸ் கலர் சட்டையை யாராவது சிவப்புச் சட்டை என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? ரோஸ் என்பது வெள்ளை கலந்த சிவப்புதான், இளஞ்சிவப்பு என்ற பெயரே அதைச் சொல்கிறது. ஆனாலும் பேச்சில் ரோஸ் தனி, சிவப்பு தனி. சிவப்பில் நாம் போட்டுக்கொண்ட அந்தக் கோட்டை ருஷ்யர்கள் நீலத்திலும் போட்டிருக்கிறார்கள்.

சரி, ஆங்கிலச் சொல்லின் கதைக்கு வருவோம். அது கொஞ்சம் சுற்றி வந்த சொல்.

ப்ளூ பார்ப்பதற்கு மிகப் பழைய, மண்ணில் முளைத்த ஆங்கிலச் சொல்போலத் தெரியும். உண்மையில் அது பிரெஞ்சு வழியாக வந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வரிசையாக இறங்கின. அவற்றில் ஒன்று 'ப்ளே' என்பதுபோல ஒலித்த பழைய பிரெஞ்சுச் சொல். 1300 வாக்கில் அது ஆங்கிலத்தில் நிலைகொண்டுவிட்டது. ஆனால் பிரெஞ்சுக்கும் அது சொந்தச் சொத்து அல்ல. பிரெஞ்சு லத்தீனிலிருந்து பிறந்த மொழி. லத்தீனில் நீலத்துக்கு வேறு சொற்கள் இருந்தன. பிரான்ஸ் என்ற நாட்டுக்கே பெயரைக் கொடுத்த பிராங்கியர்கள் பேசிய ஜெர்மானிய மொழியிலிருந்துதான் இந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போனது. ஆங்கிலமும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிதான். ஆக, உறவுக்காரர் வீட்டுச் சொல் ஒன்று அடுத்த வீட்டில் கொஞ்ச காலம் தங்கிவிட்டு, அந்த வீட்டு உடுப்போடு திரும்பி வந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து பிறந்த சொற்கள் இருந்தும், வந்த சொல் அவற்றை ஒதுக்கிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அதற்கும் பின்னால் போனால் நிறமே மங்குகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியின் வேர் ஒன்றைச் சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். ஒளிர்தல், மின்னுதல், எரிதல் என்ற பொருள்கள் அதற்குச் சொல்லப்படுகின்றன. அதே வேரிலிருந்துதான் லத்தீனின் 'ஃப்ளாவுஸ்' வந்தது என்பது அவர்களில் பலரின் கருத்து. ஃப்ளாவுஸ் என்றால் மஞ்சள், பொன்னிறம். நீலத்தின் தாயாதி மஞ்சள் என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழங்காலச் சொற்கள் நாம் நினைக்கும் 'நிறத்தை'க் குறிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் அவிழும். அவை ஒளியின் தன்மையைச் சொன்னவை: பளபளக்கிறதா, மங்கலா, வெளிறியதா, கருகியதா என்பதை. எந்த நிறம் என்ற கேள்வி பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த மங்கலுக்கு ஒரு சாட்சி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. செல்போனில் இருக்கும் ப்ளூடூத், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்ட் என்ற அரசரின் பட்டப்பெயர். வெவ்வேறு சாதனங்களை ஒன்றாகப் பேசவைக்கும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1997இல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் அந்தப் பெயரை முன்மொழிந்தார், தனித்தனியாகக் கிடந்த டேனிய மக்களை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தவர் ஹெரால்ட் என்பதால். 'நீலப்பல்' என்பது அந்தப் பட்டத்தின் நேர்ப்பொருள். பல் எப்படி நீலமாகும்? அந்தக் காலத்து ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'ப்ளார்' என்ற சொல் நீலத்தை மட்டுமல்ல, கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் இருண்ட நிறங்களையும் சேர்த்தே குறித்தது. ஆப்பிரிக்கர்களை அந்த மொழியில் 'ப்ளார்' மனிதர்கள் என்றுதான் அழைத்தார்கள். அவர்கள் நீல மனிதர்கள் அல்ல, கருநிற மனிதர்கள். அப்படியானால் அரசரின் பல்லும் சொத்தை விழுந்து கறுத்த பல்லாக இருந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அடிபட்ட உடம்பை ஆங்கிலத்தில் கறுப்பும் நீலமும் என்று சொல்வதிலும் இந்தப் பழைய பொருளின் மிச்சம் இருக்கிறது. ருஷ்ய மொழியில் அந்த அரசர் ஹரால்ட் 'ஸினெஸூபிய்', அதாவது ஸீனிய் பல்காரர். இங்கே கலுபோய் வர வாய்ப்பே இல்லை.

ருஷ்யச் சொற்களிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஸீனிய் என்பதை ஒளிர்தல் என்ற பொருள்கொண்ட 'ஸியாத்' என்ற வினைச்சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். சமஸ்கிருதத்தில் கருமையைச் சொல்லும் 'ஷ்யாம' என்ற சொல்லோடும் சில சொல்லாய்வாளர்கள் அதை உறவுபடுத்துகிறார்கள். ஷ்யாம், சியாமளா என்ற பெயர்களில் இருக்கிறதே, அதே சொல். அந்த உறவு சரியென்றால், கருமைக்கும் நீலத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு நிறம் இரண்டு திசைகளில் பிரிந்து போயிருக்கிறது. பழைய ருஷ்ய நூல்களில் ஸீனிய் நாம் எதிர்பார்க்காத இடங்களில் வந்து நிற்கிறது. 1185இல் இளவரசர் இகோர் நடத்திய படையெடுப்பைப் பாடும் பழைய ருஷ்யக் காவியத்தில் கடல் ஸீனிய், தோன் ஆறு ஸீனிய், மின்னல் ஸீனிய். போதாததற்கு, ஒரு கனவில் ஊற்றப்படும் மதுவும் ஸீனிய். நீல மது என்று மொழிபெயர்த்தால் வாசகர் திகைப்பார். இருண்ட, கனத்த மது என்பதுதான் அங்கே பொருத்தம்.

இதைப் படிக்கும்போது ஹோமரின் கடல் நினைவுக்கு வராமல் போகாது. கிரேக்கக் காவியங்களில் கடல் மது நிறத்தில் இருக்கிறது. பின்னாளில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் ஒன்றை எழுதினார். அதில் ஹோமரிடம் நிறச் சொற்கள் மிகக் குறைவு, வானத்தை நீலம் என்று சொல்லும் இடமே இல்லை என்பதைக் கவனித்து எழுதினார். பழங்காலக் கிரேக்கர்களின் நிற உணர்வு இன்னும் வளரவில்லை என்று அவர் போன முடிவு தவறானது. மனிதக் கண் மூவாயிரம் ஆண்டுகளில் அப்படி மாறிவிடவில்லை. ஆனால் அவர் கண்டது சரி. அங்கே கடல் மதுவைப் போல, இங்கே மது கடலைப் போல. இரண்டு கவிஞர்களும் இருண்ட நீர்மத்தின் மினுக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கலுபோய் பிறந்த விதம் வேறு, தெளிவானதும்கூட. 'கோலுப்' என்றால் ருஷ்ய மொழியில் புறா. புறாவின் கழுத்து இறகில் வெயில் படும்போது சாம்பலுக்குள் ஒரு நீலம் மின்னுமே, அதுதான் கலுபோய். கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று ஒரு பொருளை வைத்து நிறத்துக்குப் பெயர் சொல்வது எல்லா மொழிகளுக்கும் பழக்கம். பெரும்பாலும் அப்படிப்பட்ட பெயர்கள் துணை நிறங்களாகவே நின்றுவிடும். கலுபோய் அங்கே நிற்கவில்லை. இன்று அந்தச் சொல்லைச் சொல்லும் ருஷ்யருக்குப் புறா நினைவுக்கு வருவதில்லை. ஆரஞ்சு என்று நிறத்தைச் சொல்லும்போது நமக்குப் பழம் நினைவுக்கு வராதது மாதிரி.

1969இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உலக மொழிகளின் அடிப்படை நிறச் சொற்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு மொழியில் இவை அதிகபட்சம் பதினொன்று என்பது அவர்கள் கணக்கு: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், பழுப்பு, ஊதா, ரோஸ், ஆரஞ்சு, சாம்பல். அந்தக் கணக்குக்குள் அடங்காமல் நின்ற மொழிகளில் முக்கியமானது ருஷ்யன், கலுபோயால் பன்னிரண்டாவது சொல் வந்துவிடுகிறது. பின்னாளில் கிரேக்கம், இத்தாலியன், துருக்கி போன்ற மொழிகளிலும் நீலம் இப்படி இரண்டாகப் பிரிந்திருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் பெரிய கேள்வி வருகிறது. இரண்டு சொற்கள் இருப்பதால் ருஷ்யர்கள் நீலத்தை நம்மைவிட வேறாகப் பார்க்கிறார்களா?

2007இல் ஜோனதன் வினாவர், லேரா பொரொதித்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரையில் மூன்று நீலச் சதுரங்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே இருப்பவற்றில் எது மேலே இருப்பதைப் போலவே இருக்கிறது என்று சட்டென்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். கீழே இருக்கும் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால், இரண்டுமே ஸீனிய் என்றால், ருஷ்யர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. ஒன்று ஸீனிய், மற்றது கலுபோய் என்றால் வேகமாகப் பதில் சொன்னார்கள். அதே வேலையை ஆங்கிலம் பேசுபவர்களிடம் கொடுத்தபோது இந்த வேறுபாடு வரவில்லை. சோதனையில் இன்னொரு பகுதியும் இருந்தது, என் கணக்கில் அதுதான் முக்கியமானது. சதுரங்களைப் பார்க்கும் நேரத்திலேயே ஓர் எண் வரிசையை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்படி கேட்டார்கள். அப்போது ருஷ்யர்களுக்கு இருந்த அந்த வேகம் போய்விட்டது. உள்ளே ஓடும் சொற்களுக்கு வேறு வேலை கொடுத்ததும் சொல் தந்த உதவியும் நின்றுவிட்டது.

இந்தச் சோதனையை வைத்து 'ருஷ்யர்களுக்கு நம்மைவிட அதிக நிறம் தெரியும்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. இரண்டு நீலங்களைப் பக்கத்தில் வைத்தால் எந்த மொழிக்காரருக்கும் வித்தியாசம் தெரியும். சோதனையில் கண்டது நொடியின் சிறு பகுதி அளவுள்ள வேறுபாடு. கண் பார்ப்பதை மொழி மாற்றிவிடுகிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. பார்த்ததைத் தரம் பிரிக்கும் வேலையில் மொழி கூடவே இருந்து கைகொடுக்கிறது என்று சொல்லலாம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை என்பது என் எண்ணம். அந்த அளவே போதிய வியப்பும்கூட.

அன்றாட வாழ்க்கையில் இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதற்கு மாஸ்கோ மெட்ரோவின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். மூன்றாம் எண் கொண்ட அர்பாத்ஸ்கோ-பக்ரோவ்ஸ்கயா தடம் ஸீனிய். நான்காம் எண் கொண்ட ஃபில்யோவ்ஸ்கயா தடம் கலுபோய். ஊர்க்காரர்களுக்கு இது சிவப்புத் தடம், பச்சைத் தடம் என்பதைப் போல வெளிப்படையான விஷயம். ஆங்கிலத்தில் வழி சொல்லும்போதோ 'ப்ளூ லைன்' என்று மட்டும் சொன்னால் பயணி தப்பான வண்டியில் ஏறிவிடக்கூடும். ஒன்றுக்கு 'லைட்' என்ற அடையைச் சேர்த்தாக வேண்டியிருக்கிறது.

வானவில் இன்னும் சுவையானது. ருஷ்யக் குழந்தைகள் ஏழு நிறங்களின் வரிசையை ஒரு வாக்கியத்தால் மனப்பாடம் செய்கிறார்கள்: 'ஃபெசன்ட் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு வேட்டைக்காரரும் அறிய விரும்புகிறார்'. ருஷ்ய மொழியில் இது ஏழு சொற்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நிறம். பச்சைக்கு அடுத்து வருவது கலுபோய், அதற்கடுத்து ஸீனிய், கடைசியில் ஊதா. நியூட்டன் வகுத்த ஆங்கில வரிசையிலோ பச்சைக்கு அடுத்து ப்ளூ, பிறகு இன்டிகோ, பிறகு வயலட். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் நியூட்டனின் ப்ளூ நிற்கும் இடத்தில் கலுபோயும், இன்டிகோ நிற்கும் இடத்தில் ஸீனியும் இருக்கின்றன. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைத்தான் எண்ணினார், பிறகு ஆரஞ்சையும் இன்டிகோவையும் சேர்த்து, இசையின் ஏழு சுரங்களைப் போல ஏழாக்கினார். இன்டிகோ அங்கே எதற்கு, அது நீலத்தின் ஒரு சாயல்தானே என்ற சந்தேகம் ஆங்கிலம் படிப்பவர்களுக்கு அடிக்கடி வரும். ருஷ்யக் குழந்தைக்கு அந்தச் சந்தேகம் வர வாய்ப்பில்லை. அதன் மொழியில் அந்த இடத்தில் அசல் நிறம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஒரு பொறி உண்டு. அறிவியல் நூலில் வானவில்லின் ப்ளூவைப் பழக்க தோஷத்தில் ஸீனிய் என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் இன்டிகோவுக்குச் சொல் இல்லாமல் போகும்.

ருஷ்யக் கொடியிலும் ஒரு சிறு வரலாறு ஒட்டியிருக்கிறது. 1991 ஆகஸ்ட் 22 அன்று மூவண்ணக் கொடியைத் திரும்பக் கொண்டுவந்த தீர்மானத்தில் நடுப்பட்டையின் நிறம் ஸீனிய் அல்ல, கலுபோயும் அல்ல. 'லஸோரெவிய்' என்று எழுதியிருந்தார்கள். நீல மணிக்கல்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பழைய, கவிதை வாசம் உள்ள சொல் அது. ஆங்கிலத்தின் 'அஷர்' என்ற நிறப்பெயரும் அதே பாரசீகச் சொல்லின் வழிவந்ததுதான். 1993 டிசம்பரில் வந்த அரசாணை அதை மாற்றி, சாதாரணமாக ஸீனிய் என்று எழுதியது. இந்த இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் ப்ளூ என்றே எழுதிவிட்டால் அந்த மாற்றம் கண்ணில் படாது.

இனி அகராதி வேலை. ப்ளூவை அடையாகக் கொண்ட ஆங்கிலத் தொடர்களை ருஷ்ய மொழி எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்த்தால் விதி என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும். உடல் உழைப்புத் தொழிலாளர்களைக் குறிக்கும் 'ப்ளூ காலர்' அங்கே ஸீனிய் காலர். வேலைச் சட்டையின் அடர் நிறம் கண்ணுக்குத் தெரிவதால் இது எளிது. பங்குச் சந்தையில் நம்பகமான பெரிய நிறுவனங்களைச் சொல்லும் 'ப்ளூ சிப்' கலுபோய். சீட்டாட்டத்தில் மிக அதிக மதிப்புள்ள வில்லை நீலம் என்பதிலிருந்து வந்த பெயர் அது. ஐ.நா. அமைதிப் படையின் தலைக்கவசம் கலுபோய், அதன் நிறமும் வெளிர் நீலம்தான். உயர்குடி ரத்தம் கலுபோய். படித்த பெண்களை ஏளனமாகச் சொல்லப் பயன்பட்ட 'ப்ளூ ஸ்டாக்கிங்' அப்படியே ஸீனிய் காலுறையாகப் போயிருக்கிறது. மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதையில் தாடி ஸீனிய். உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்துக்கு மட்டும் இரண்டு சொற்களும் வழங்குகின்றன.

பெல்ஜியத்தின் மாரிஸ் மேட்டர்லிங்க் எழுதிய நீலப்பறவை நாடகம் 1908இல் முதன்முதலாக மேடை ஏறியது மாஸ்கோ கலை அரங்கில், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் இயக்கத்தில். குழந்தைகள் தேடிப் போகும் அந்தப் பறவையை ருஷ்ய மொழி ஸீனிய் என்றே அழைத்தது. கலுபோய் என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புறாவிலிருந்து வந்த சொல்லை ஒரு பறவைக்கு அடையாக வைத்தால் பறவை பக்கத்து வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்துவிடும். கைக்கு எட்டாத பறவைக்கு ஸீனியின் ஆழம் வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கடல் விஷயத்தில் பழங்கதைகள் உறுதியாக இருக்கின்றன. நாட்டுப்புறக் கதைகளில் கடல் என்றாலே 'ஸீனிய் கடல்' தான். ருஷ்யக் கவிஞர் புஷ்கின் 1833இல் எழுதிய மீனவன், பொன்மீன் கதையில் கிழவனும் கிழவியும் வாழ்வது ஸீனிய் கடலின் கரையில்தான். அதற்கு ஓராண்டு முன்பு இன்னொரு ருஷ்யக் கவிஞரான லேர்மன்தவ் எழுதிய பாய்மரக் கவிதையில் கடல்மேல் படர்ந்திருக்கும் மூடுபனி கலுபோய். இரண்டையும் ஆங்கிலத்தில் ப்ளூ என்றும் தமிழில் நீலம் என்றும் வைப்பதைத் தவிர வழியில்லை. கடலின் கனமும் பனியின் லேசான தன்மையும் அந்த இடத்தில் உதிர்ந்துவிடுகின்றன.

கண்களுக்கு வேறு வழக்கம். ஆங்கிலக் கதையில் ஒருவருக்கு ப்ளூ கண்கள் என்றால், வேறு குறிப்பு இல்லாதபோது ருஷ்ய மொழியில் கலுபோய் என்று எழுதுவதே இயல்பு. ஸீனிய் கண்கள் என்றால் வாசகர் நிமிர்ந்து பார்ப்பார். ஏதோ அசாதாரணமான, அடர்ந்த நீலம் என்று தோன்றும். ஜீன்ஸ் என்றால் ஸீனிய். மையும் ஸீனிய். அடிபட்ட கன்றலுக்குப் பெயரே 'ஸின்யாக்'. இந்தப் பழக்கங்கள் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கவுன், சுவர், கோப்பை, ரிப்பன் போன்றவைதான் பாடாய்ப் படுத்தும், அவை எந்த நீலமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் நூல் முழுவதையும் தேடிப் பார்ப்பார்கள், வேறெங்காவது ஒரு துப்பு கிடைக்குமா என்று. சொல்லைத் தேர்ந்ததும் ருஷ்ய இலக்கணம் இன்னொரு வேலையைக் கேட்கும். ஆங்கிலப் பெயரடை எந்தப் பெயருக்கு முன்னாலும் ப்ளூ என்றே நிற்கும். ருஷ்யப் பெயரடை, தான் சேரும் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப விகுதியை மாற்றிக்கொள்ளும். ஆண்பாலில் கலுபோய், பெண்பாலில் கலுபாயா, அலிப்பாலில் கலுபோயே, பன்மையில் கலுபீயே.

நிறத்தை விட்டு விலகிய பொருள்களில் மொழிகள் அதைவிட வேகமாகப் பிரிகின்றன. ஆங்கிலத்தில் ஒருவர் ப்ளூவாக இருக்கிறார் என்றால் மனம் சோர்ந்திருக்கிறார் என்று பொருள். அந்தப் பொருளிலிருந்துதான் ப்ளூஸ் என்ற இசைக்கும் பெயர் வந்தது. ருஷ்ய மொழியில் ஸீனிய், கலுபோய் இரண்டுக்கும் இந்தச் சோகம் கிடையாது. 'ம்னே க்ரூஸ்னா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு வருத்தமாக இருக்கிறது'. நான் என்று எழுவாயாக நிற்காமல், எனக்கு என்று நான்காம் வேற்றுமையில் நின்று மனநிலையைச் சொல்லும் இந்தக் கட்டுமானம் தமிழுக்கு அப்படியே பழகியது. ஆங்கிலம் சுற்றி வளைத்துச் சொல்வதை இந்த இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி நேராகச் சொல்வதைப் பார்க்கும்போது மனதுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஆபாசம் என்ற பொருளும் ஆங்கில ப்ளூவுக்கு உண்டு. தமிழ் அதைக் கடன் வாங்கி நீலப்படம் என்று ஒரு தொடரையே செய்துகொண்டது. இந்தத் தமிழ்ப் பழக்கத்தோடு ருஷ்ய மொழிக்குப் போனால் பெரிய பிழை நேரும். பேச்சு ருஷ்யனில் கலுபோய் என்பது தன்பாலின ஈர்ப்பு கொண்ட ஆணைக் குறிக்கும் சொல். அதனால் படத்துக்கு அதை அடையாகச் சேர்த்தால் சொல்ல வந்தது ஒன்று, கேட்பவருக்குப் புரிவது வேறொன்று. ஆளுக்கு அடையாகச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். அதே சமயம் அந்தச் சொல்லின் பழைய வெளிச்சம் வேறு தொடர்களில் அப்படியே இருக்கிறது. 'கலுபோய் கனவு' என்றால் நெடுநாள் நெஞ்சில் வைத்திருக்கும் ஆசை. 'கலுபோய் எரிபொருள்' என்றால் இயற்கை எரிவாயு, அடுப்பில் அந்தச் சுடர் அப்படித்தானே எரிகிறது. 'கலுபோய் திரை' என்றால் தொலைக்காட்சி, கறுப்பு வெள்ளைக் காலத்துப் பெட்டிகள் இருட்டில் வெளிவிட்ட நீல ஒளியை வைத்து வந்த பெயர்.

அரிதாக இரண்டு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன. முகம் நீலமாகும்வரை வாதாடினான் என்று ஆங்கிலம் சொல்வதை ருஷ்ய மொழியும் 'நீலம் பாரிக்கும்வரை' என்றே சொல்கிறது. மூச்சுமுட்டினால் எந்த நாட்டு முகமும் ஒரே நிறத்துக்குத்தான் போகும். அந்தத் தொடர் ஸீனிய் என்ற சொல்லிலிருந்து செய்யப்பட்டது.

மொழிபெயர்ப்பாளரைத் திணறவைத்த தலைப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1924இல் இயற்றிய பியானோ, இசைக்குழு படைப்பைச் சொல்வேன். 'ரேப்சடி இன் ப்ளூ'. அதில் ப்ளூ நிறமும்தான், ப்ளூஸ் இசையும்தான், அந்த இசையின் ஏக்கமும்தான். ஆங்கிலம் எதையும் தேர்ந்தெடுக்காமல் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ருஷ்ய மொழியில் அது 'ப்ளூஸ் பாணியில் ரேப்சடி' என்றும், 'ப்ளூஸ் சாயலில் ரேப்சடி' என்றும், 'கலுபோய் ரேப்சடி' என்றும் வழங்குகிறது. முதல் இரண்டும் இசையை வைத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடுகின்றன. மூன்றாவது நிறத்தை வைத்துக்கொள்கிறது, அதுவும் வெளிர் நீலத்தை. தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலேறும் அந்த ஒரு வரியைக் கேட்டால், அது ஸீனியில் புறப்பட்டுக் கலுபோயில் போய் நிற்பதாகத்தான் என் காதுக்குப் படுகிறது.